அக்காவுக்கு வைத்த சேலை

என் அக்கா செய்த குற்றம், தெருவில் நின்று துணி தேய்த்தது. புருஷனை விட்டு வந்ததைக்கூட எங்கள் சனம் மன்னித்திருந்தது. அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு, பாவம் அவள்தான் என்ன செய்வாள் என்று பேசியவர்கள்தான் எல்லோரும். ராஜபாளையத்தில் மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போனாள், தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கினாள். அதையும் பொறுத்துக்கொண்டார்கள். அந்தத் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரோடு அவளுக்குப் பழக்கம் என்று தெரிந்தபோதும் அரசல்புரசலாகப் பேசினார்களே தவிர யாரும் எழுந்து நிற்கவில்லை. மறைவில் நடப்பதற்கு எங்கள் ஊரில் தண்டனை குறைவு. அவள் மில் வேலையை விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் பட்டப்பகலில் நின்று, கரிப் பெட்டியைத் தூக்கி ஊரார் துணியைத் தேய்க்க ஆரம்பித்தாள் பாருங்கள், அங்கேதான் தீப்பிடித்தது.

அவர் எந்தச் சாதி என்று நான் சொல்லப் போவதில்லை, நாங்கள் எந்தச் சாதி என்றும் சொல்லப் போவதில்லை. அவருடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆட்களின் அழுக்கை வெளுத்தார்கள், எங்கள் பின்வாசலில் நின்று சோறு வாங்கிப் போனார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும். அக்காவிடம் நான் கேட்டிருக்கிறேன், ஊரில் வேறு ஆளா இல்லை, அவரையா பிடித்தாய் என்று. கேலியாகத்தான் கேட்டேன். "அவரு என்னைய ஒரு நாள்கூட வாடி போடின்னு கூப்பிட்டதில்லட்டி" என்றாள். என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் அண்ணனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை. வீடு மடவார் வளாகத்தில். கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல். அக்காவுக்கு மூத்தவன் அவன், நான் கடைக்குட்டி. அப்பா போன பிறகு அண்ணன் வைத்ததுதான் சட்டம். ஒரு நாள் கடைக்கு உரம் வாங்க வந்த எவனோ ஒருத்தன், வேண்டுமென்றே சொன்னானோ வெள்ளந்தியாகச் சொன்னானோ, "உங்க தங்கச்சி நல்லாத் தேய்க்குது அண்ணாச்சி, மடிப்பு கத்தி மாதிரி நிக்குது" என்று சொல்லிவிட்டான். கடையில் நின்றவர்கள் குனிந்து சிரித்திருக்கிறார்கள்.

மறுநாளே அண்ணன் ராஜபாளையத்துக்கு வந்து வண்டியை எட்டி உதைத்தான். கரி கொட்டி, தேய்த்து அடுக்கியிருந்த துணியெல்லாம் பொசுங்கியது. அவர் குனிந்து நெருப்பை மிதித்து அணைத்தார். அக்கா சும்மா இருப்பாளா? எங்கள் மூன்று பேரில் ரோஷம் கூடியவள் அவள்தான். சூடான பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, ஒரு எட்டு முன்னால் வைத்தாய் என்றால் மூஞ்சியைத் தேய்த்து விட்டுவிடுவேன் என்று கத்தினாள். முடி அவிழ்ந்து கிடந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. ஒருத்தன் செல்போனில் வீடியோ எடுத்தான். அண்ணன் உதைத்தது அதில் இல்லை. தலைவிரி கோலமாக ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியை ஓங்கிக்கொண்டு கத்துவது மட்டும்தான் இருந்தது.

அந்த வீடியோ எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனுக்கும் வந்தது. எனக்கும் வந்தது. செட்டியார்பட்டியில் வாக்கப்பட்டு, பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிற நான், வேலைக்கு நடுவில் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். நல்லாக் கேட்டாள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டவும் செய்தேன். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்கு முடியவில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்று அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறான். அவள் தலைகூட வாராமல் பஸ் ஏறிப் போயிருக்கிறாள். அங்கே அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள் கையைப் பிடித்தார்கள், கூட வந்த ஆள் ஊசி போட்டான். அம்மா கீரையைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதை அம்மாவே பிறகு என்னிடம் சொன்னாள். தடுத்தாயா என்று கேட்டேன். நான் தடுத்தால் நிற்குமா என்றாள்.

மறுநாள் காலையில் இஸ்திரிக்காரர் சைக்கிளில் செட்டியார்பட்டிக்கு வந்தார். எங்கள் வாசலுக்கு வராமல் தெருவின் அந்த ஓரத்தில் நின்றார். கூப்பிட்டும் வரவில்லை, நான்தான் அவரிடம் போனேன். "அவிய ராத்திரி வரலம்மா. போனும் போகல" என்றார். சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டே நின்றார். அடுத்த பஸ்ஸில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

அண்ணன் எதையும் மறைக்கவில்லை. மலையடிவாரத்தில் ஒரு ஹோமில் சேர்த்திருக்கிறேன், நல்ல இடம், மாசாமாசம் நான்தான் கட்டப் போகிறேன் என்றான். அவளுக்கு என்ன நோய் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருத்தர் வீடியோவைப் பார்த்தே சொல்லிவிட்டார் என்றான். நான் கத்தினேன். என் குரல் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். அவன் என்னை உட்காரச் சொல்லி, பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான். "இங்க பாரு. ஓடிப்போனவள்னு சொன்னா நாம தலை நிமிர முடியாது. மூளை சரியில்லன்னு சொன்னா நாலு பேரு பரிதாபப்படுவான். எது நல்லதுன்னு நீயே சொல்லு."

அவன் சொன்னபடியேதான் நடந்தது. சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்து அம்மாவைத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அதானே பார்த்தேன், நல்ல புத்தியுள்ளவள் அவன்கூடப் போய் நிற்பாளா என்று ஒவ்வொருத்தரும் சொன்னார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு பெண் தன் விருப்பத்தோடு அந்த வண்டிப் பக்கத்தில் நின்றாள் என்பதுதான் அவர்களால் தாங்க முடியாததாக இருந்திருக்கிறது. பைத்தியம் என்றதும் எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆரஞ்சுகளை எடுத்து ஒவ்வொருத்தர் தலையிலும் எறிந்திருப்பேன்.

ஸ்டேஷனுக்குப் போனேன். கூடப் பிறந்தவரே சேர்த்திருக்கிறார், கெடுதல் நினைப்பாரா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இஸ்திரிக்காரர் தனியாகப் போய்க் கேட்டதற்கு, நீ அந்த அம்மாவுக்கு என்ன வேணும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணனின் ஆட்கள் இரண்டு தடவை வண்டிப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். ஒன்றும் செய்யவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். அவர் வண்டியை விற்றுவிட்டுக் கேரளாப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவ்வப்போது போன் செய்வார். அவிய எப்படி இருக்காவ என்று கேட்பார், இருக்கா என்பேன், சரிம்மா என்று வைத்துவிடுவார்.

ஹோமுக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். முதல் தடவை போனபோது அவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தொளதொளவென்று ஒரு நைட்டி. மாத்திரையில் நாக்குத் தடித்துப் போய், என் பேரைச் சொல்லவே செத்த நேரம் ஆனது அவளுக்கு. அங்கே நிஜமாகவே முடியாதவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொத்தில் பங்கு கேட்டவள் ஒருத்தி இருந்தாள். காதலித்தவனோடு ரயிலேறிப் பிடிபட்டுத் திரும்பிய பெண் ஒருத்தி இருந்தாள். ஆம்பளை மாதிரி சட்டை போட்டுக்கொண்டு திரிந்ததற்காக அப்பனே கொண்டுவந்து விட்டவள் ஒருத்தி இருந்தாள். ஊருக்கு ஆகாதவர்களை எல்லாம் ஒரே கொட்டடியில் போட்டு, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் நைட்டி கொடுத்திருந்தார்கள்.

முதல் மாதங்களில் அக்கா சண்டை போட்டாள். சண்டை போட்டால் ஊசி. சாப்பிட மறுத்தாள், அதற்கும் ஊசி. பிறகு அவளுக்கு விவரம் புரிந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு எழுந்தாள், கொடுத்ததை விழுங்கினாள், முடியாதவர்களுக்குச் சோறு ஊட்டிவிட்டாள். நான் போகும்போதெல்லாம் மெதுவாக, யாருக்கும் கேட்காமல், அண்ணன் என்ன சொல்கிறான் என்று மட்டும் கேட்பாள். அவ்வளவு ரோஷக்காரி, அண்ணன் வாயிலிருந்து ஒரு சொல் வருமா என்று காத்துக் கிடந்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அங்கே பதினைந்து நாளுக்கு ஒரு தடவை டாக்டர் வருவார். சின்ன வயசுப் பெண், முகம் பார்த்துப் பேசுவார். ஒரு நாள் என்னை உட்கார வைத்து, உங்கள் அக்காவை இங்கே வைத்திருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை, வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நான் கூட்டிக்கொண்டு போகிறேன், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். டாக்டர் சரி என்றுதான் சொன்னார். அந்த ஹோமைக் கவனித்துக்கொள்கிற மேடம்தான் குறுக்கே விழுந்தார். சேர்த்தது யாரோ அவர் வரவேண்டும், அவர் கையெழுத்து இல்லாமல் அனுப்பினால் நாளைக்கு எங்கள் தலை உருளும் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். சட்டம் உங்கள் பக்கம்தான் அம்மா, ஆனால் வழக்குப் போட்டால் அண்ணன் அந்த வீடியோவைக் கொண்டுவருவார், இழுத்துக்கொண்டே போகும், முதலில் அவரிடமே பேசிப் பாருங்கள் என்றார்.

பேசினேன். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கத்தாமல் பேசினேன். ராஜபாளையம் பக்கமோ ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமோ அவள் கால் படாது, என் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன், கம்பெனியில் என்னோடு துணி மடிக்கட்டும் என்றேன். என் வீட்டுக்காரர் என்னமும் செய்துகொள் என்று சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடியட்டும், முடிந்த மறுநாளே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றான். சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னதால் நான் நம்பினேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவள் முகம் தெளிந்தது. மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான், பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா, எந்த மண்டபம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்ணன் மகளைச் சின்ன வயதில் இடுப்பிலிருந்து இறக்காமல் தூக்கித் திரிந்தவள் அவள். அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் அமைய வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அவளுக்காக நேர்ந்தாளா, தனக்காக நேர்ந்தாளா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கல்யாணம் நடந்தால்தான் இவள் வெளியே வருவாள் என்று ஆகிப்போனது.

வரன் தேவதானத்தில் அமைந்தது. வயலும் தோப்புமாக நல்ல குடும்பம், பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. பூ வைக்க நாள் பார்க்கும் சமயத்தில் பேச்சு நின்றுபோனது. பெண்ணின் அத்தை ஒருத்தி பைத்தியம், ஹோமில் கிடக்கிறாள் என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். ரத்தத்தில் வருகிற வியாதி ஆயிற்றே, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வந்தால் என்ன செய்ய என்று பையனின் அம்மா தரகரிடம் கேட்டனுப்பினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. துணி தேய்ப்பவரோடு போனாள் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டாவது வந்திருப்பார்களோ என்னவோ. ஓடிப்போனது ஒட்டாது, பைத்தியம் ஒட்டும் என்பது அவர்கள் கணக்கு. மானத்தைக் காப்பாற்ற அண்ணன் சொன்ன பொய், அவன் மகள் கழுத்துக்கே சுருக்காக வந்து நின்றது.

பிறகு எப்படியோ பேச்சு மறுபடியும் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் அக்கா வெளியே வந்தால் போதும் என்றிருந்ததால் தோண்டிக் கேட்கவில்லை. மதினி போன் செய்து, வெள்ளிக்கிழமை வீட்டுச்சாமி கும்பிடுகிறோம், நீயில்லாமல் முடியாது, வந்துவிடு என்றாள். கல்யாணத்துக்கு முன்னால், அந்த வீட்டில் அற்பாயுசில் போன பெண்களுக்குச் சேலை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். கும்பிடாவிட்டால் செத்தவள் ஏங்கிப்போய் கல்யாணப் பெண்மேல் இறங்கிவிடுவாள் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி யார் செத்தார்கள் என்று கேட்டேன். நீ வா, வந்து பேசிக்கலாம் என்று வைத்துவிட்டாள்.

மடவார் வளாகத்து வீட்டின் நடு அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சுவரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அதன் கீழே அக்காவின் போட்டோ. என் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். அவள் தோளில் கிடந்த கை என்னுடையது. படத்துக்கு மாலை போட்டிருந்தது. தேவதானத்திலிருந்து பையனின் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பையனின் அம்மா என் கையைப் பிடித்து, மூளைக் காய்ச்சல் என்று சொன்னார்கள், காய்ச்சல் வந்தால் யாருக்குத்தான் புத்தி நிற்கும், நாங்கள்தான் தப்பாக நினைத்துவிட்டோம், போன வருஷமே போய்விட்டாளாமே என்று கண் கலங்கினார். நல்ல மனுஷிதான். அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என்னைப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனான். நீ இப்போது உண்மையைச் சொன்னால் பிள்ளைக்குக் கல்யாணம் நின்றுவிடும், இது இரண்டாவது தடவை, அவள் கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றான். ஏலே பாவி, அப்போ எனக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று அண்ணனையே ஏலே போட்டுக் கேட்டேன். கல்யாணம் முடிந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்றாயே என்றேன்.

"செத்தவளுக்கு எங்கன போயி கையெழுத்துப் போட?" என்றான்.

அதைச் சொல்லிவிட்டு அவனும் அழுதான். அவன் அழுததை நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அழுதுகொண்டே சேலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அண்ணன் மகள் கதவோரம் நின்று, நான் என்ன செய்யப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணைத் தள்ளிவிட வேண்டும் என்று எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியவனே இவன்தான். நான் பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

புதுச் சேலை, ஜாக்கெட் துணி, கண்ணாடி வளையல், சீப்பு, சாந்துப் பொட்டு, பூ எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்தார்கள். புருஷன் உயிரோடு இருப்பதால் சுமங்கலியாகப் போனவள் என்று கணக்கு. உயிரோடு இருந்தபோது அவள் பூ வைத்துக்கொண்டால் யாருக்குக் காட்ட என்று கேட்ட வாய்கள்தான், இப்போது இன்னும் ஒரு முழம் வைங்க என்றன. வாழை இலையில் சோறு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை, கருவாட்டுக் குழம்பு, பணியாரம். அம்மாதான் விளக்கேற்ற வேண்டும் என்றார்கள். அம்மா ஏற்றினாள். எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். செத்தவள் வந்து சாப்பிடுகிற நேரம் அது, யாரும் பார்க்கக் கூடாது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அவள் உடம்பு முழுக்கக் குலுங்கியது. "போதும், கதவைத் தெறங்க. பூட்டி வச்சா அவ அழுவா" என்றாள். மகளைப் பறிகொடுத்த தாய் என்னவெல்லாம் சொல்கிறாள் பாருங்கள் என்று தேவதானத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணன் தரையையே பார்த்தபடி நின்றான்.

கதவைத் திறந்ததும் பையனின் அம்மா இலைக்கு முன்னால் குனிந்து பார்த்தார். சோற்றில் விரல் பட்ட தடம் தெரிகிறது, வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள், மனசு குளிர்ந்துவிட்டாள் என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கும்பிட்ட சேலையை அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். வெற்றிலை பாக்கோடு அதை என் மடியில் வைத்தார்கள். பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலை. நல்ல சேலைதான், அண்ணன் அதில் கஞ்சத்தனம் செய்யவில்லை.

எனக்கு அதை உடுத்த மனசு வரவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை. அவள் சேலை அவளிடமே போகட்டும் என்று பையில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் ஹோமுக்குப் போனேன். டாக்டர் வருகிற நாள் பார்த்துத்தான் போனேன், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி வேறு வழி கேட்கலாம் என்று. அக்கா பையைப் பார்த்தாள். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கல்யாணம் முடிந்துவிட்டதா என்று எழுந்தேவிட்டாள். அவளிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "என்னென்ன படைச்சீக?" என்றாள்.

சொன்னேன்.

"அம்மா அழுதாளா?"

"அழுதா."

"நெசமாவா?"

"நெசமாத்தான் அழுதா."

சோற்றில் தடம் பார்த்ததையும் சொன்னேன். அப்போதுதான் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பைத்தியச் சிரிப்பு இல்லை. மில்லுக்குப் போன காலத்தில், மேஸ்திரி வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொதித்துப் போய் வந்தவள் நான், அந்த பெஞ்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சத்தம் கேட்டு மேடம் வந்தார். என்னம்மா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி, நிதானமாகச் சொன்னாள். "எங்க வீட்டுல நான் செத்துட்டேன் மேடம். வெள்ளிக்கெழம எனக்குச் சேலை வச்சு, சோறு படைச்சுக் கும்பிட்டிருக்காக. நான் போயி சாப்பிட்டுட்டும் வந்துட்டேன்."

மேடத்தின் முகம் மாறியது. கோபமாக மாறியிருந்தால் பரவாயில்லை. இரக்கமாக மாறியது. சரிம்மா, சரிம்மா என்று அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே, உள்ளே இருந்த ஒரு பெண்ணைக் கண்ணால் கூப்பிட்டார். எனக்குத் திக்கென்றது. அது நெசம் மேடம், அவள் சொல்வது அத்தனையும் நெசம், இதோ அந்தச் சேலை, நானே அங்கே இருந்தேன், அவளைக் கும்பிட்டேன் என்று பையிலிருந்து சேலையை எடுத்து விரித்துக் காட்டினேன். குங்குமம் அதில் ஒட்டியிருந்தது. நான் பேசப் பேச, மேடம் என்னையும் அதே இரக்கத்தோடு பார்த்தார். நீங்கள் எவ்வளவு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று கேட்டார். செத்த நேரத்தில் டாக்டர் வந்துவிடுவார், நீங்களும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாமே என்று என் தோளில் கை வைத்தார்.

கேட் பூட்டியிருந்தது. எப்போதும் பூட்டித்தான் இருக்கும், அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். உள்ளேயிருந்து வந்த பெண் அவள் கையைப் பிடித்தபோது அவள் திமிறவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏட்டி, போயிரு" என்றாள். "ஒண்ணும் பேசாத. இப்பவே போயிரு."

பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடும் என்று எதையோ உளறி, கேட்டைத் திறக்க வைத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தேன். சேலை அந்த பெஞ்சிலேயே கிடந்துவிட்டது.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். மேடம் சொன்னதைக் கேட்டு, அக்காவிடமும் தனியாகப் பேசியிருக்கிறார். கெட்டிக்காரப் பெண், அப்படியே நம்பிவிடவில்லை. எதற்கும் விசாரித்துவிடுவோம் என்று என் அண்ணனுக்கும் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். உயிரோடு இருக்கிற தங்கச்சிக்கு யாராவது சேலை வைத்துக் கும்பிடுவார்களா டாக்டர் என்று அண்ணன் கேட்டிருக்கிறான். சின்னவளுக்கும் கொஞ்ச நாளாகப் பேச்சு ஒரு மாதிரிதான் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறான். நான் டாக்டரிடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். போட்டோ, விளக்கு, கதவைச் சாத்தியது, சோற்றில் தடம் என்று சொல்லச் சொல்ல எனக்கே என் பேச்சுப் பைத்தியக்காரி பேச்சாகக் கேட்டது. அவர் குறுக்கிடாமல், ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நாளைக்கு இங்கே வராதீர்கள், உங்கள் ஊரிலேயே ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார். அக்காவை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன்.

"உங்க அக்கா நல்லாத் தேறி வந்தாங்கம்மா" என்றார். "இப்போ, தான் செத்துட்டதா அவங்களே நம்புறாங்க. நீங்க வந்து பேசினதுக்கு அப்புறம்தான் இப்படி ஆயிடுச்சு."